கொரியாவிலிருந்து வந்த இங்கிலீஷ் சார்

1. முதல் வகுப்பு

கோடை விடுமுறையில் கேம்ப் எடுக்கப் போகும் இளம் ஆசிரியர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் லெசன் பிளான் கேட்டு வருகிறார்கள். தருகிறேன். ஆனால் அதைத் தருவதற்கு முன்னால், ஒரு கேம்ப்பின் முதல் நாளிலேயே நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லிவிடுவது வழக்கம். அதையே இங்கே எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்து மூன்று வருடம் இங்கிலீஷ் எடுத்தேன். ரிட்டயர் ஆன பிறகு எங்கள் பங்குக் கோயிலில் என்ன நடந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு நாள் பங்குத்தந்தை அழைத்து, "டீச்சர், மே மாசம் கொரியாவிலேர்ந்து நாலு பேர் மிஷன் டிரிப் வர்றாங்க. நம்ம ஏரியா இளைஞர்களுக்கு பத்து நாள் இங்கிலீஷ் கேம்ப். நீங்கதான் கோ-ஆர்டினேட்டர்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "ஃபாதர், இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க கொரியாவிலேர்ந்தா ஆள் வரணும்? நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன்.

"அவங்க இங்கிலீஷுக்கு மட்டும் வரலை டீச்சர். நம்ம பசங்களோட பத்து நாள் இருக்க வர்றாங்க" என்றார் அவர். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஆனாலும் ஒப்புக்கொண்டேன்.

கோயில் ஹாலில் நாற்பது சேர் போட்டிருந்தோம். கல்லூரி முடித்தவர்கள், பாதியில் விட்டவர்கள், ப்ளஸ் டூ ரிசல்டுக்குக் காத்திருப்பவர்கள் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். கோயிலைச் சேர்ந்தவர்கள் பாதி. பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்த இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் பாதி. கொரியன் சீரியல் பார்க்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் இரண்டாம் வரிசையை முதலிலேயே பிடித்துவிட்டார்கள்.

பாடம் எடுக்க எழுந்தவர் மின்ஹோ. இருபத்தேழு வயது. அவர் ஊரில் கப்பல் கட்டும் கம்பெனி ஒன்றில் டிசைன் பிரிவில் வேலை. லீவு போட்டு வந்திருந்தார். மைக்கைப் பிடித்து, சிரித்த முகத்தோடு முதல் பத்து நிமிஷம் பிள்ளைகளிடம் ஏதேதோ கேள்வி கேட்டார். பிறகு தன் கதையை ஆரம்பித்தார்.

"யெஸ்டர்டே ஐ கோ டு பீச். ஐ ஸீ மெனி போட். வெரி பியூட்டிஃபுல்."

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான், "வென்ட், மின்ஹோ. யெஸ்டர்டே ஐ வென்ட்" என்றேன்.

"யெஸ், யெஸ். தேங்க் யூ" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அடுத்த வாக்கியத்திலும் பாஸ்ட் டென்ஸ் தப்பு. திருத்தினேன். மூன்றாவதைத் திருத்தியபோது அவர் தேங்க் யூ சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நான்காவது முறை நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு பையன் என்னைப் போலவே குரலை மாற்றி "போட்ஸ், மின்ஹோ!" என்றான். ஹாலே சிரித்தது.

மின்ஹோவின் காது சிவந்துபோனது. கையிலிருந்த பேப்பரைப் பார்த்து இரண்டு வரி படித்தார். பிறகு தன்னோடு வந்திருந்த பெண்ணிடம் மைக்கைக் கொடுத்துவிட்டு ஓரமாய்ப் போய் நின்றார். அன்று நான் வீட்டுக்குப் போகும்போது எனக்குக் குற்ற உணர்ச்சியெல்லாம் இல்லை. தப்பு இங்கிலீஷ் பிள்ளைகள் காதில் விழாமல் தடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

2. என் வகுப்பு

மறுநாள் காலை ஃபாதர் வாசலிலேயே நின்றிருந்தார். "மின்ஹோ இன்னைக்கு க்ளாஸ் எடுக்கலையாம். சமையலுக்கு உதவி பண்றேன்னு சொல்லிட்டு உள்ள போய்ட்டாரு. நீங்க எடுத்துடுங்க டீச்சர்."

எடுத்தேன். போர்டில் மூன்று கட்டம் போட்டு சிம்பிள் பாஸ்ட், பிரசண்ட், ஃப்யூச்சர் என்று எழுதினேன். இவ்வளவு வருடம் எடுத்த பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நாற்பது பேரும் ஒழுங்காக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசியில், "இப்ப நேத்து நீங்க என்ன செஞ்சீங்கன்னு ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க. யார் வேணா எழுந்திரிங்க" என்றேன்.

ஒருவரும் எழவில்லை. முதல் வரிசையில் இருந்த பையனைக் கைகாட்டினேன். எழுந்து நின்றான். "ஐ..." என்றான். என் முகத்தைப் பார்த்தான். "தெரியல மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டான்.

ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் நான் திருத்த ஆரம்பிப்பதற்கு முன், அந்தப் பத்து நிமிஷத்தில், மின்ஹோ "யூ லைக் ஸீ?" என்று கேட்டதற்கு இதே பையன் எழுந்து, "ஸீ வெரி டேஞ்சர் சார், மை அங்கிள் போட் அப்செட்" என்று கையை ஆட்டி ஆட்டிக் கதையே சொன்னான்.

3. சங்கீதா சொன்னது

வகுப்பு முடிந்து எல்லாரும் போன பிறகு ஒரு பெண் மட்டும் சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பெயர் சங்கீதா. இருபத்தொரு வயது. ஈவினிங் காலேஜில் பி.காம். முடித்தவள். அவளைக் கேம்ப்பில் சேர்க்க வந்த அன்று அவள் அம்மா தேசம்மா பேசியது எனக்கு நன்றாக நினைவிருந்தது. தேசம்மா கோபாலபுரம் தெருக்களில் வீடு வீடாக மீன் விற்பவர். கூடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"டீச்சர், நாங்க அம்மனக் கும்புடுறவங்க. அத்த மாத்திக்கச் சொல்ல மாட்டீங்களே?"

"மாட்டோம்மா. இது இங்கிலீஷ் க்ளாஸ் மட்டும்தான். அவங்க ஜெபம் பண்றது காலைல, அவங்களுக்குள்ள."

"அப்ப சரி. இவ வாயத் தொறந்து பேசணும், அவ்ளோதான். மூணு இண்டர்வியூ போயிக்கினு வந்துட்டா. மூணு எடத்துலயும் ஊமை மாரி குந்திக்கினு இருந்துட்டு வந்துருக்கா. வர்ற வாரத்துக்கு அடுத்த திங்கக்கெழம அடையாறுல ஒரு ஆஸ்பத்திரில கூப்ட்டுக்கிறாங்க. அதுலயும் வுட்டுட்டா இன்னா பண்றது?"

அந்தச் சங்கீதாதான் இப்போது சேரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மிஸ், ஒண்ணு கேக்கலாமா? மின்ஹோ சார் திரும்ப வருவாரா?"

"ஏம்மா? என் க்ளாஸ் புரியலையா?"

"புரியுது மிஸ். எப்பவும் புரியும். நான் உங்க ஸ்டூடண்ட்தான் மிஸ். ஏழாங்கிளாஸ் பி செக்‌ஷன்."

எனக்கு முகம் நினைவில்லை. அவளே சொன்னாள். ஃபேமிலியைப் பற்றிப் பேசச் சொல்லி ஒவ்வொருவராக எழுப்பினேனாம். அவள் எழுந்து "மை மதர் இஸ் செல் ஃபிஷ்" என்றாளாம். நான், "நீ சொன்னதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? உங்க அம்மா சுயநலக்காரின்னு அர்த்தம். மை மதர் செல்ஸ் ஃபிஷ்" என்று திருத்தினேனாம். வகுப்பே சிரித்ததாம். அந்த வருடம் முழுக்க மற்ற பிள்ளைகள் அவளை 'செல்ஃபிஷ்' என்றே கூப்பிட்டார்களாம்.

"நீங்க சொல்லிக் குடுத்தது கரெக்ட்தான் மிஸ். அதுக்கப்புறம் அந்தத் தப்பு நான் பண்ணதே இல்ல. இங்கிலீஷே பேசல, அப்புறம் எங்க தப்பு பண்றது?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சேரை அடுக்கிக்கொண்டே, ஏதோ பஸ் நம்பர் சொல்வதுபோலத்தான் சொன்னாள். என்னை அதிகம் வாட்டியது அந்தச் சம்பவம் அல்ல. அது எனக்குக் கொஞ்சம்கூட நினைவில்லை என்பதுதான். அவள் எட்டு ஒன்பது வருடமாகச் சுமந்துகொண்டு திரிந்ததை நான் அன்று பெல் அடித்ததும் மறந்திருக்கிறேன்.

"மின்ஹோ நாளைக்கு வருவாரு" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியவில்லை. ஆனால் வரவழைத்தே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

4. வெங்காயத்துக்கு நடுவில்

ஹாலுக்குப் பின்னால் சமையல் கூடம். மின்ஹோ தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, சமையலுக்கு வந்த பெண்களுக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர், "இவரு நல்லா வேல செய்யறாரு டீச்சர். நீங்க க்ளாஸ எடுங்க, இவர எங்களுக்குக் குடுத்துடுங்க" என்றார்.

நான் மின்ஹோ எதிரில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். நாங்கள் பேசியது இங்கிலீஷில். சுருக்கித் தமிழில் எழுதுகிறேன்.

"நீங்கள் திருத்தியது எல்லாமே சரி. என் இங்கிலீஷ் மோசமானது. இந்தப் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது" என்றார் அவர்.

எங்கே இங்கிலீஷ் கற்றார் என்று கேட்டேன். பன்னிரண்டு வருடம் பள்ளியிலும் கல்லூரியிலும் படித்ததாகச் சொன்னார். பரீட்சையில் எப்போதும் நல்ல மார்க். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் வெளிநாட்டுக் கஸ்டமர் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். மின்ஹோவைப் பேசச் சொன்னார்கள். அவர் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கஸ்டமர் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அதன் பிறகு, தினமும் தெரியாத ஒருவரிடமாவது இங்கிலீஷில் பேசிவிட வேண்டும் என்று முடிவெடுத்தாராம். தப்போ சரியோ, ஒரு நாளும் விட்டதில்லையாம்.

"நேற்று வரைக்கும்" என்று முடித்தார்.

முப்பத்து மூன்று வருட சர்வீசில் இப்படி ஒரு பாடம் எந்த ஹெட்மாஸ்டரும் எனக்குக் கொடுத்ததில்லை. நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். பிறகு, "நாளை வகுப்பில் எனக்கு கொரியன் சொல்லிக்கொடுங்கள். பத்து நிமிஷம். எல்லார் முன்னாலும்" என்றேன்.

"எதற்கு?"

"நான் தப்புப் பண்ணணும். அவங்க பார்க்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கைக்குட்டையை அவிழ்த்தார்.

5. பத்து நிமிஷம் கொரியன்

மூன்றாம் நாள் காலை நான் முன்னால் நின்றேன். மின்ஹோ கொரிய மொழியில் 'நான் டீச்சர்' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தார். "சோனுன் சொன்செங் இம்னிதா." நானும் சொல்லிப் பார்த்தேன். நாக்கு புரளவில்லை. திரும்ப முயன்றேன். உரக்க, தைரியமாக, "சோனுன் செங்சொன் இம்னிதா!" என்றேன்.

மின்ஹோ உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். இரண்டாம் வரிசையில் ஒரு பெண் துள்ளி எழுந்தாள். "மிஸ்! அதுக்கு மீன்னு அர்த்தம் மிஸ்! நான் மீன்னு சொல்றீங்க!"

நாற்பது பேர் சிரித்த சிரிப்பில் வெளியே இருந்த சமையல்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. சொன்செங் என்பதைத் திருப்பிப் போட்டால் மீன் ஆகிவிடும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அறுபத்தொரு வயதில், என்னிடம் படித்த பிள்ளைகள் முன்னால், எனக்குக் காது சுட்டது. உட்கார்ந்துவிடலாம் என்று கால் சொன்னது. அந்த ஒரு கணத்தில் சங்கீதாவைப் பார்த்தேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

"இன்னொரு வாட்டி சொல்லிக் குடுங்க" என்றேன். இன்னும் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். ஐந்தாவது தடவை சரியாக வந்தது. மின்ஹோ இடுப்பு வரை குனிந்து வணங்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்கியதும் பேசினேன். "முந்தாநாள் நான் இவரை நிறுத்தினேன். நீங்க சிரிச்சீங்க. அந்தச் சிரிப்பை ஆரம்பிச்சு வெச்சது நான்தான். மின்ஹோ, ஐ ஆம் சாரி. இந்த ஹால்ல யாரையாவது நான் முன்னாடி இப்படி நிறுத்தியிருந்தா, அவங்ககிட்டயும் கேட்டுக்கறேன்." சங்கீதா பெயரை நான் சொல்லவில்லை. அவள் மட்டும் குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள்.

மின்ஹோ மைக்கை வாங்கினார். "ஓகே. யெஸ்டர்டே ஐ கட் ஆனியன். ஐ க்ரை. யூ? யெஸ்டர்டே யூ?"

எட்டு கைகள் எழுந்தன.

6. மூன்றே தப்பு

அன்று மத்தியானம் மின்ஹோவும் நானும் உட்கார்ந்து ஒரு முறையை வகுத்தோம். அவர் பேச வைப்பார். நான் பின்வரிசையில் ஒரு சீட்டில் குறித்துக்கொள்வேன். பேசுபவர் முடித்து உட்கார்ந்த பிறகுதான் சீட்டு அவர் கைக்குப் போகும். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று தப்புக்கு மேல் எழுதக் கூடாது. மின்ஹோவுக்கும் ஒரு சீட்டு உண்டு. அவர் கேட்டு வாங்கிக்கொள்வார். சொல்வதற்கு எளிது. முதல் இரண்டு நாள் நான் வாய்க்குள் ஒரு சூட மிட்டாயைப் போட்டுக்கொண்டுதான் என்னை அடக்கினேன்.

ஐந்தாம் நாள் சங்கீதா எழுந்தாள். ரோல் பிளேயில் மின்ஹோ பேஷண்ட், அவள் ரிசப்ஷனிஸ்ட். மின்ஹோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினார். சங்கீதா நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். யாரோ "சொல்லு சொல்லு" என்றார்கள். மின்ஹோ அவர்களைக் கைகாட்டி அடக்கிவிட்டு, அவசரமே இல்லாமல் முனகிக்கொண்டிருந்தார்.

"வாட்... யுவர் பெயின்?" என்றாள் அவள்.

"யெஸ்! மை பெயின்! வெரி பிக் பெயின்!" என்று மின்ஹோ தரையிலேயே படுத்துவிட்டார். சங்கீதா பயந்துபோய், "சார், டோன்ட் ஸ்லீப் ஹியர்! டாக்டர் கமிங்!" என்று கத்தினாள். ஹால் சிரித்தது. அவள் நிறுத்தவில்லை. ஃபார்ம் நிரப்பினாள், பெயர் கேட்டாள், வயது கேட்டாள், எந்தப் பக்கம் லிஃப்ட் என்று வழி சொன்னாள். அன்று அவள் பேசியதில் பதினோரு தப்பு இருந்தது. மூன்று எழுதிக் கொடுத்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். சாப்பாட்டு நேரத்தில் கொரியர்கள் நான்கு பேரையும் மாறி மாறி பேஷண்ட் ஆக்கினாள். பத்தாம் நாள் விடைபெறும்போது மின்ஹோ அவளிடம், "மண்டே, யூ டோன்ட் ஸ்டாப்" என்று மட்டும் சொன்னார்.

7. திங்கட்கிழமை

இண்டர்வியூ முடிந்து சங்கீதா நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். கையில் ஃபைல். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மிஸ், 'வாட் ஆர் யுவர் ஸ்ட்ரெங்த்ஸ்'னு கேட்டாரு. எனக்குப் புரியல. 'சாரி சார், ப்ளீஸ் டெல் ஸ்லோலி'ன்னேன். மெதுவா கேட்டாரு. 'ஐ டோன்ட் ஸ்டாப் சார். திஸ் இஸ் மை ஃபோர்த் இண்டர்வியூ'ன்னேன். சிரிச்சுட்டாரு மிஸ்."

"நீ என்ன பண்ணே?"

"அவரு சிரிச்சு முடிக்கற வரைக்கும் வெயிட் பண்ணேன். அப்புறம் மீதியச் சொன்னேன்."

போன் பண்ணுகிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்து நாள் ஆகியும் போன் வரவில்லை. தேசம்மா என்னிடம் வந்து, "டீச்சர், நீங்க ஒரு வார்த்த பேசிப் பாக்கலாமா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற சங்கீதா, "நீ சும்மா இரும்மா. மிஸ் எதுக்குப் பேசணும்? நானே போய்க் கேக்கறேன்" என்றாள். மறுநாள் அவளே அந்த ஆஸ்பத்திரிக்குப் போய், இண்டர்வியூ எடுத்தவர் வரும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்து கேட்டிருக்கிறாள். சேரவிருந்த ஒருவர் வரவில்லையாம். ஓ.பி. கவுண்டரில் மூன்று மாத டிரெயினியாக அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது பர்மனெண்ட்.

8. கியூவில்

நான் பிழைகளைத் திருத்துவதை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். சனிக்கிழமைகளில் அதே ஹாலில் இன்னும் வகுப்பு எடுக்கிறேன். கிராமர் இல்லாமல் மொழி இல்லை. எதைத் திருத்துவது என்று எனக்கு எப்போதும் தெரிந்திருந்தது; எப்போது திருத்துவது என்று தெரியாமலேயே ரிட்டயர் ஆகியிருந்தேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தேவைப்படுவது கேட்கிற காது. சிவப்பு மை அவர் முடிக்கும்வரை காத்திருக்கலாம், ஒன்றும் காய்ந்துபோகாது. கேம்ப் எடுக்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்.

போன மாதம் கண் பரிசோதனைக்காக அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு முன்னால் கியூவில் வடக்கே இருந்து வந்த ஒரு குடும்பம். வயதான கணவர், நிற்க முடியாமல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனைவி, கையில் ஒரு பை நிறைய ரிப்போர்ட்டுகள். அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்திருந்தது. இருவர் முகத்திலும் பயம்.

கவுண்டரில் சங்கீதா. எழுந்து நின்று, குனிந்து, கையைக் காட்டிப் பேசினாள்.

"அங்கிள், நோ டென்ஷன். யூ கோ ஸ்ட்ரெய்ட், லெஃப்ட் சைடு லிஃப்ட் இஸ் தேர். செகண்ட் ஃப்ளோர் சிஸ்டர் ஸிட்டிங். திஸ் பேப்பர் ஷோ, ஷி டேக் ஆன்ட்டி ஃபார் ஸ்கேன். பிஃபோர் ஸ்கேன் ஆன்ட்டி நோ ஈட்டிங். ஆஃப்டர், ஈட்டிங் ஓகே."

அவர் ஒரு தடவை திருப்பிக் கேட்டார். அவள் இன்னும் மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெரியவர் முகம் தெளிந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் நடந்தார். லிஃப்ட் கதவு திறந்தது; இருவரும் உள்ளே போனார்கள்.

அப்போதுதான் அவள் என்னைப் பார்த்தாள். "ஐயோ மிஸ்! இங்கயா நின்னுக்கினு இருந்தீங்க? எதுனா தப்பா சொல்லிட்டேனா?"

"அவங்க சரியான மாடிக்குப் போய்ட்டாங்கம்மா" என்றேன். "எனக்கு டோக்கன் குடு."